பஜ்ஜித் தாளில் தெரியும் மறுபக்கம்

புளியரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவருடைய பாட்டி, தாய், அக்காள் மூவருக்கும் மூக்கின் இருபுறமும் தோல் நிறத்திலேயே சிறு சிறு உருண்டைகள் இருக்கின்றன. ஊரார் நாக தோஷம் என்கிறார்கள். மலைக்கு அப்பால், கேரளத்தில் பார்த்த தோல் மருத்துவரோ, விளக்குப் பொருத்திய சிறு கண்ணாடி ஒன்றை முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, தாயின் முகத்திலுள்ள ஓர் உருண்டையை மட்டும் திசுப் பரிசோதனைக்கு எடுக்க வேண்டும் என்றாராம். அந்த ஒன்று மட்டும் ஏன்?

தலைமுறைதோறும் இவ்வாறு வரும் தீங்கற்ற தோல் கட்டிகள் பல உண்டு. அவற்றுள் ஒன்றான ட்ரைக்கோஎபிதீலியோமா, மயிர்க்கால் சார்ந்த செல்களிலிருந்து பெரும்பாலும் பருவ வயதையொட்டித் தோன்றுவது. குடும்பமாக வரும்போது, 2000ஆம் ஆண்டில் அடையாளம் காணப்பட்ட சிஒய்எல்டி என்னும் மரபணுவின் பழுது பல குடும்பங்களில் காணப்படுகிறது. 16ஆம் குரோமோசோமில் உள்ள இந்தப் பழுது, பெற்றோருள் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 விழுக்காடு வாய்ப்புண்டு. பாம்புப் புற்றுக்குப் பால் வார்ப்பவர்கள் வார்க்கட்டும். அதைச் சொல்லி மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தக் கண்ணாடியின் பெயர் டெர்மோஸ்கோப். ஏறத்தாழ 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். ஆயினும் அதன் சிறப்பு பெரிதாக்குவதில் இல்லை. செங்கோட்டைச் சாலையோரக் கடைகளில் ஏத்தம்பழ பஜ்ஜியை மலையாள நாளிதழில் மடித்துத் தருவார்கள். எண்ணெய் ஊறிய இடத்தில், தாளின் மறுபக்க எழுத்துகள் இடம்வலம் மாறித் தெரியும். தாளின் நார்களுக்கிடையே இருந்த காற்று ஒளியைச் சிதறடித்துக்கொண்டிருந்தது. அந்த இடைவெளிகளில் எண்ணெய் புகுந்ததும் ஒளி நேராக ஊடுருவுகிறது. தோலின் மேலடுக்கும் காய்ந்த செதில்களால் ஆனதே. அதன்மேல் எண்ணெயோ ஜெல்லோ தடவிக் கண்ணாடியை அழுத்தினால், மேற்பரப்பின் பளபளப்பு அடங்கி அடியிலுள்ளவை புலப்படுகின்றன.

எண்ணெய் இல்லாத வழியும் உண்டு. அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. விளக்கின் முன் ஒரு வடிகட்டி, ஒளியலைகளை ஒரே திசையில் மட்டும் அதிரவிடும். மேற்பரப்பில் பட்டு உடனே திரும்பும் ஒளி அத்திசையைக் கைவிடுவதில்லை. உள்ளே சென்று பலமுறை மோதிச் சிதறிய ஒளியோ திசையை மறந்துவிடுகிறது. பார்ப்பவரின் கண்ணுக்கு முன் செங்குத்தாகத் திருப்பிவைத்த இரண்டாவது வடிகட்டி, மேற்பரப்பிலிருந்து திரும்பிய ஒளியைத் தடுத்து, ஆழத்திலிருந்து வந்ததில் ஒரு பகுதியை விட்டுவிடும். கண்ணாடியை அழுத்த வேண்டியதில்லை என்பதால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்கி வெளிறுவதுமில்லை. ஆனால் மேலாக இருக்கும் வெண்ணிற நுண்பைகள் இவ்வொளியில் மங்கிவிடும். எனவே இரண்டு முறைகளுக்கும் இடையே பொத்தானை மாற்றி மாற்றி அழுத்தினால் அவை மின்மினி போல மின்னி மறையும்.

ட்ரைக்கோஎபிதீலியோமாவில் வெண்மையான பின்னணியும், இந்த நுண்பைகளும், மெல்லிய கிளைக் குழாய்களும் காணப்படும். அடித்தள செல் புற்றுநோய் என்னும் தோல் புற்றுநோயிலும் கிளைக் குழாய்கள் உண்டு. அங்கே அவை பெரும்பாலும் தடித்து, பளிச்சென்று சிவந்திருக்கும், சில சமயம் புண்ணும் காணப்படும். வெளுத்த தோலில் எளிதாகத் தெரியும் இந்தச் சிவப்பு நம் மாநிறத்தில் அடங்கித் தெரிகிறது. பழைய விளக்கப்படங்களில் பெரும்பாலானவை வெளுத்த தோலில் எடுத்தவை. நம் தோலின் படங்களைத் திரட்ட அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு நிதி ஒதுக்குவது வீண்செலவாகாது.

வாசகரின் கடிதத்தில் கடைசி வரியாக ஒரு செய்தி இருந்தது: தாயின் அந்த ஓர் உருண்டை சில மாதங்களாகப் பொருக்குத் தட்டி, முகம் கழுவும்போது இரத்தம் கசிகிறதாம். மருத்துவர் கேட்டது அந்த உருண்டையைத்தான்.