ராத்திரி வார்டில் எத்தனை சிஸ்டர்?

புற்றுநோய் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரி தேடும் குடும்பங்கள் என்ன கேட்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். எந்த டாக்டர் செய்வார், ரோபோ வசதி இருக்கிறதா, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா, மொத்தம் எவ்வளவு ஆகும். எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் ராத்திரி வார்டில் எத்தனை நர்ஸ், ஒருவர் எத்தனை நோயாளியைப் பார்ப்பார் என்று கேட்பவர்கள் அபூர்வம். சென்னையில் அரசு, தனியார் இரண்டிலும் புற்றுநோய் அறுவை வார்டுகளில் வேலை பார்த்த செவிலியர் நான். என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன்.

2009-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. சுமார் 85 ஆயிரம் அறுவை சிகிச்சை நோயாளிகளின் விவரங்களை எடுத்து, இறப்பு அதிகமான ஆஸ்பத்திரிகளையும் குறைவான ஆஸ்பத்திரிகளையும் ஒப்பிட்டார்கள். சிக்கல் வந்தவர்கள் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய நான்கில் ஒருவர். இறந்தவர்களோ ஓரிடத்தில் 6.9 சதவீதம், இன்னோரிடத்தில் 3.5. அதாவது சிக்கல் எங்கும் வருகிறது. வந்தபிறகு நோயாளியைக் காப்பாற்றுவதில்தான் வித்தியாசம். அதற்கு முன்பே, 2002-இல் பென்சில்வேனியாவில் நடந்த ஆய்வில், ஒரு நர்ஸின் கணக்கில் ஒரு நோயாளி கூடினால் 30 நாளுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதைக் கண்டிருந்தார்கள்.

நம் வார்டில் இது எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். மாவா, பாக்கு, புகையிலை புண்ணியத்தில் நம்மிடம் வாய்ப்புற்று ஆபரேஷன்கள் நிறைய. கன்னத்தையோ தாடையையோ எடுத்துவிட்டு, தொடையிலிருந்தோ முன்கையிலிருந்தோ தோலும் சதையும் ரத்தக்குழாயோடு எடுத்து வந்து வைப்பார்கள். இதை ஃபிளாப் என்போம். இரண்டு மூன்று மில்லிமீட்டர் குழாயை, முடியைவிட மெல்லிய நூலால், மைக்ரோஸ்கோப் வைத்துக் கழுத்துக் குழாயோடு தைத்திருப்பார்கள். முதல் இரண்டு மூன்று நாளில் அதில் ரத்தம் உறைந்துபோக வாய்ப்பு உண்டு. அதனால் ஆரம்பத்தில் மணிக்கொரு தடவை போய்ப் பார்க்க வேண்டும். வெளுத்து, சில்லென்று இருந்தால் ரத்தம் உள்ளே போகவில்லை. ஊதா நிறமாகி வீங்கினால், போன ரத்தம் திரும்பி வர வழியில்லை. உடனே தியேட்டருக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ராத்திரி இரண்டு மணிக்கு நிறம் மாறி, காலை ரவுண்ட்ஸில்தான் கண்ணில் பட்டால் அநேகமாக ஃபிளாப் போய்விடும்.

அதே நோயாளிக்குக் கழுத்தில் துளை போட்டு மூச்சுவிட வைக்கும் டிரக்கியாஸ்டமி குழாயும் இருக்கும். சளி அடைத்தால் மூச்சு நின்றுவிடும். குரல் வராது, கூப்பிட முடியாது. இவருக்குச் சளியை உறிஞ்ச சக்‌ஷன் போட்டு, ஃபிளாப் பார்த்து, டிரெயினில் (ஆபரேஷன் இடத்தில் சேரும் நீரை வெளியேற்றும் குழாய்) எவ்வளவு வந்தது என்று அளந்து, மூக்குக் குழாயில் ஆகாரம் கொடுத்து, வலிக்கு மருந்து போட ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடமாவது வேண்டும். இப்படி ஆறு பேர் இருந்தால் மணி முழுதாகப் போய்விட்டது. கேஸ் ஷீட் எழுதவும், தியேட்டரிலிருந்து புதிதாக வரும் கட்டிலைப் பார்க்கவும் நேரம் எங்கே? பன்னிரண்டு பேர் என்றால் கணக்கே போட வேண்டாம். ஆனால் சார்ட்டில் மட்டும் மணிக்கு ஒரு டிக் விழுந்திருக்கும். இதைச் சொன்னால் என் கூட்டாளிகளுக்குக் கோபம் வரும், பரவாயில்லை. மூச்சு எண்ணிக்கைக் கட்டத்தில் வார்டு முழுக்க எல்லோருக்கும் 20 என்று எழுதியிருப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும், யாரும் எண்ணவில்லை என்று. வயிறு, குடல் ஆபரேஷன் ஆனவருக்கு உள்தையலில் கசிவு வந்தால் பல நேரம் முதலில் ஏறுவது நாடித்துடிப்பும் மூச்சும்தான். காய்ச்சல் பின்னால் வரலாம்.

தலை எண்ணிக்கை மட்டும் போதாது. ஆள் குறைந்த அன்று வேறு வார்டிலிருந்து ஒரு பெண்ணை அனுப்புவார்கள். நல்ல பெண்ணாக இருக்கும், ஆனால் ஃபிளாப்பைப் பார்த்தே இருக்காது. இந்த வேலை கைக்குப் பழகச் சில வருடம் ஆகும். பழகியவர்களோ நிற்பதில்லை. அரசில் எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி வந்தவர்கள் தொகுப்பூதியத்தில் வருடக்கணக்காகப் பணி நிரந்தரத்துக்குக் காத்திருக்கிறார்கள். தனியாரில் சம்பளத்தைப் பார்த்துவிட்டு வளைகுடாவுக்கோ இங்கிலாந்துக்கோ போய்விடுகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த இடைவெளியை நிரப்புவது அட்டெண்டர்கள், அதாவது நோயாளியோடு தங்கும் நீங்கள். டிரெயின் காலி செய்வதையும் குழாயில் கஞ்சி ஊற்றுவதையும் சொல்லிக்கொடுத்தபின் நீங்கள் செய்யலாம், வீட்டிலும் தேவைப்படும். கண்காணிப்பு மட்டும் உங்கள் பொறுப்பு இல்லை. அதற்காகப் பேசாமலும் இருக்காதீர்கள். "சிஸ்டர், நேத்து மாதிரி இல்ல, வந்து பாருங்க" என்று நீங்கள் சொல்வதே எங்களுக்குப் பெரிய தகவல். என்ன மாற்றம் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் சொல்லுங்கள். பேச முடியாதவர் கைக்கெட்டும் இடத்தில் மணியும் ஒரு சிலேட்டும் வையுங்கள். ஆந்திராவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வருபவர்கள் இங்கே ஏராளம்; வலி, மூச்சு, தண்ணீர் என்று நாலு வார்த்தையைத் தமிழிலும் அவர்கள் மொழியிலும் எழுதி ஒட்டிவைத்தால் ராத்திரியில் உதவும். அப்புறம், மூன்று பந்து உள்ள அந்த மூச்சுப் பயிற்சிக் கருவியை ஊதக்கூடாது, உள்ளே இழுக்க வேண்டும். பாதிப் பேர் ஊதிக்கொண்டிருக்கிறார்கள்.

சேரும் முன்பு கேட்க வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. ராத்திரியில் டூட்டி டாக்டர் அதே மாடியில் இருப்பாரா? ஆபரேஷன் ஆன முதல் நாட்களில் ஐசியூவிலோ தனிக் கண்காணிப்பு அறையிலோ வைப்பார்களா, நேரே வார்டுக்கு அனுப்புவார்களா? கேட்டால் முகம் சுளிப்பார்கள் என்று தயங்க வேண்டாம்.

வீட்டுக்குப் போகும் நாளில் ஒன்றைப் பாருங்கள். வயிறு, இடுப்புப் பகுதியில் பெரிய புற்றுநோய் ஆபரேஷன் ஆனவர்களில் பலருக்குக் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க நான்கு வாரம்வரை ஊசி தேவைப்படும். டிஸ்சார்ஜ் சம்மரியில் அது இல்லையென்றால், வேண்டாம் என்று முடிவு செய்தார்களா, எழுத விட்டுப்போனதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.