மெய்நிகர் சர்வர்களை எண்ணி லைசென்ஸ் வாங்காதீர்கள்

மெய்நிகர் சர்வர்கள் நாற்பது. ஒரு லைசென்ஸுக்கு இரண்டு சர்வர். ஆக, இருபது லைசென்ஸ். அண்மையில் ஒரு நிறுவனம் எனக்கு அனுப்பிய கணக்குத் தாளில் இருந்தது இவ்வளவுதான். அந்தக் கணக்கின்படி வாங்கியும் முடித்துவிட்டார்கள். எண்கள் மட்டும் மாறி இதே தாள் திரும்பத் திரும்ப என்னிடம் வருகிறது. பெரிய நிறுவனம், சிறிய நிறுவனம் என்ற வேறுபாடே இல்லை. வாங்குவதற்கு முன் யாரும் கேட்பதில்லை. தணிக்கைக் கடிதம் கையில் வந்த பிறகுதான் கேட்கிறார்கள். அதற்குப் பிறகு நான் சொல்லக்கூடியது மிகக் குறைவு.

அந்தத் தாளையே எடுத்துக்கொள்வோம். கிளஸ்டரில் (ஒன்றாக இணைத்த கணினித் தொகுப்பில்) நான்கு ஹோஸ்ட்கள், அதாவது மென்பொருளால் உருவாக்கிய மெய்நிகர் சர்வர்களைத் தாங்கும் உண்மையான கணினிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு புராசசர்கள், புராசசருக்கு 16 கோர்கள் (கணிப்பைச் செய்யும் அலகுகள்). அதாவது ஹோஸ்ட்டுக்கு 32 கோர்கள். மேலே ஓடுவது மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் சர்வர், ஸ்டாண்டர்ட் பதிப்பு. 2016 பதிப்பு முதல் இதற்கான கணக்கு இயற்பியல் கோர்களை வைத்துத்தான். புராசசருக்குக் குறைந்தது 8, சர்வருக்குக் குறைந்தது 16 என்ற அடிமட்டமும் உண்டு. ஒரு ஹோஸ்ட்டின் எல்லாக் கோர்களுக்கும் ஸ்டாண்டர்ட் வாங்கினால், அந்த ஹோஸ்ட்டில் இரண்டு மெய்நிகர் சர்வர்கள் ஓடலாம். மூன்றாவது வேண்டுமென்றால் அதே 32 கோர்களுக்கும் மறுபடி ஒரு சுற்று வாங்க வேண்டும். "ஒரு லைசென்ஸுக்கு இரண்டு சர்வர்" என்று விற்பனைப் பேச்சில் காதில் விழுவது இதன் பாதிதான். "எல்லாக் கோர்களுக்கும்" என்ற மீதிப் பாதி எங்கோ நழுவிவிடுகிறது.

நாற்பது சர்வர்களும் சீராகப் பரவியிருந்தால் ஹோஸ்ட்டுக்குப் பத்து. ஐந்து சுற்று, 160 கோர் லைசென்ஸ். இதோடு முடிந்ததா என்றால், இல்லை. ஒரு ஹோஸ்ட்டைப் பராமரிப்புக்காக நிறுத்துகிறீர்கள். நாற்பதும் மீதி மூன்றில் ஏறும். ஏதாவது ஒன்றில் 14 சேரும். அந்த ஹோஸ்ட்டுக்கு ஏழு சுற்று, 224. அந்த ஒன்று நான்கில் எதுவாகவும் இருக்கலாம் என்பதால் நான்குக்கும் சேர்த்து 896 கோர் லைசென்ஸ். அவர்கள் வாங்கியிருந்ததோ, 16 கோர் தொகுப்பில் இருபது, அதாவது 320.

"சர்வர் நகரும்போது லைசென்ஸும் கூடவே நகருமே?" என்று உடனே கேட்டார்கள். நகராது. ஹோஸ்ட்டுக்கு ஒதுக்கிய விண்டோஸ் சர்வர் லைசென்ஸை, வன்பொருள் நிரந்தரமாகப் பழுதானால் தவிர, 90 நாட்களுக்குள் வேறு ஹோஸ்ட்டுக்கு மாற்ற முடியாது. உங்கள் மெய்நிகர் சர்வர்களோ ஒரே இரவில் பலமுறை இடம் மாறுகின்றன. ஆகவே ஒவ்வொரு ஹோஸ்ட்டும் தன் உச்ச நெரிசலுக்கு ஏற்ற லைசென்ஸுடன் தயாராக இருக்க வேண்டும்.

இங்கே இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, டேட்டாசென்டர் பதிப்பு. நான்கு ஹோஸ்ட்களின் 128 கோர்களுக்கு ஒருமுறை வாங்கினால் போதும், எத்தனை மெய்நிகர் சர்வர்கள் வேண்டுமானாலும் ஓடலாம். பட்டியலில் டேட்டாசென்டரின் விலை ஸ்டாண்டர்டின் விலையைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. முறையாகக் கணக்கிட்டால் ஸ்டாண்டர்டில் 16 கோர் தொகுப்பு 56 வேண்டும். டேட்டாசென்டரில் எட்டே போதும். எட்டை ஆறால் பெருக்கிப் பாருங்கள், எது மலிவு என்று தெரியும். மற்றொன்று, 2022 அக்டோபரில் வந்த முறை. சந்தாவோ சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸோ (லைசென்ஸோடு கூடுதலாக வாங்கும் மைக்ரோசாஃப்ட்டின் பராமரிப்புத் திட்டம்) இருந்தால் ஹோஸ்ட்டை விட்டுவிட்டு, மெய்நிகர் சர்வரின் கோர்களை மட்டும் எண்ணி வாங்கலாம். ஒன்றுக்குக் குறைந்தது 8. நாற்பதை எட்டால் பெருக்கினால் 320. அவர்கள் வாங்கிய அதே எண்! எட்டு கோருக்கு மேல் எந்தச் சர்வருக்கும் அவர்கள் கொடுக்கவும் இல்லை. ஆனால் சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் வீண்செலவு என்று கொள்முதல் பிரிவு அந்த வரியை அடித்துவிட்டிருந்தது. இதைச் சொல்லும்போது எனக்கே வயிறு எரிந்தது.

பயனர்களுக்கான சிஏஎல் (சர்வரை அணுகுவதற்கான லைசென்ஸ்) கணக்கு தனி. அதையும் மறந்துவிடாதீர்கள்.

இனி, என்னை அதிகம் சலிப்படையச் செய்யும் நம்பிக்கைக்கு வருகிறேன். "மெய்நிகர் சர்வருக்கு நான்கு கோர் கொடுத்தோம், ஆகவே நான்கு கோருக்கு லைசென்ஸ் போதும்." தொழில்நுட்பம் நன்றாகத் தெரிந்தவர்களே இதை உறுதியாகச் சொல்கிறார்கள். ஹைப்பர்வைசரின் (மெய்நிகர் சர்வர்களை உருவாக்கி நடத்தும் மென்பொருளின்) திரையில் நான்கு என்று தெரிகிறது, மென்பொருள் அந்த நான்கைத் தாண்டி ஒரு கோரையும் தொட முடியாது, பிறகு எதற்கு மற்றவற்றுக்குப் பணம் என்பது அவர்கள் வாதம். தொழில்நுட்பமாக அது சரி. ஆனால் லைசென்ஸ் என்பது ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் எதை எண்ண வேண்டும் என்று எழுதியிருக்கிறதோ அதைத்தான் எண்ண வேண்டும். உங்கள் ஹைப்பர்வைசர் போடும் வேலியை விற்பனையாளர் வேலியாக ஏற்றுக்கொள்கிறாரா என்பதே கேள்வி. சிலர் ஏற்கிறார்கள், சிலர் ஏற்பதில்லை, சிலர் நிபந்தனையோடு ஏற்கிறார்கள். ஒரு மென்பொருளுக்குப் பொருந்திய விதியைப் பக்கத்து மென்பொருளுக்கும் போட்டுப் பார்க்காதீர்கள். இதைத் தயவுசெய்து இன்னொருமுறை படியுங்கள்.

ஏற்காதவர்களுக்கு நன்கு அறியப்பட்ட உதாரணம், டேட்டாபேஸ் விற்கும் ஆரக்கிள். அதன் பிரிப்புக் கொள்கை ஆவணம் விஎம்வேர் என்ற ஹைப்பர்வைசரை மென்பிரிப்பு (மென்பொருள் போடும் தளர்வான வேலி) என்ற வகையில் வைக்கிறது. லைசென்ஸ் எண்ணிக்கையைக் குறைக்க மென்பிரிப்பு செல்லாது என்கிறது. வன்பிரிப்பாக (கோர்களை உறுதியாகக் கட்டும் வேலியாக) ஏற்கப்படுபவை சில உண்டு: வரம்பு கட்டிய சோலாரிஸ் ஸோன்கள், ஐபிஎம் எல்பார், கோர்களை நிலையாகப் பிணைத்த ஆரக்கிள் விஎம் போன்றவை. மேலே சொன்ன அதே நான்கு ஹோஸ்ட் கிளஸ்டரில், நான்கு மெய்நிகர் கோர்களோடு ஆரக்கிள் என்டர்பிரைஸ் பதிப்பு ஒன்றே ஒன்று ஓடுகிறது என்று வையுங்கள். நிர்வாகியின் கணக்கு: நான்கு கோர், இன்டெல் புராசசருக்கு ஆரக்கிள் வைத்திருக்கும் பெருக்கல் காரணி 0.5, ஆக 2 புராசசர் லைசென்ஸ். அந்தக் கொள்கையின் கணக்கு: 128 கோர், பெருக்கல் 0.5, ஆக 64. இரண்டுக்கும் அறுபத்து நான்குக்கும் நடுவே இருப்பது ஒரு நிறுவனத்தின் சில ஆண்டுத் தொழில்நுட்ப பட்ஜெட்.

அந்த ஆவணமே தன்னை விளக்கத்துக்கானது என்றும், ஒப்பந்தத்தின் பகுதி ஆகாது என்றும் சொல்லிக்கொள்கிறது. ஒப்பந்தத்தில் இருப்பது "நிறுவப்பட்ட அல்லது ஓடும்" புராசசர்கள் என்ற சொற்கள்தான். ஓடாத ஹோஸ்ட்டுக்கு ஏன் பணம் என்று வாதாடலாம், வாதாடுபவர்களும் இருக்கிறார்கள். சட்ட வலுவும் பொறுமையும் இருந்தால் தாராளமாக வாதாடுங்கள். ஆனால் அந்த வாதம் வெல்லும் என்று நம்பி பட்ஜெட் போடாதீர்கள் என்பதே என் கருத்து. 2015-இல் வந்த விஎம்வேரின் விஸ்பியர் 6.0 முதல், ஒரு விசென்டரிலிருந்து (ஹோஸ்ட்களையும் கிளஸ்டர்களையும் நிர்வகிக்கும் மையத்திலிருந்து) மற்றொரு விசென்டருக்கே ஓடும் சர்வரை நகர்த்த முடிகிறது. அதன் பிறகு "எங்கெல்லாம் ஓடக்கூடும்" என்ற வாதம் கிளஸ்டர் எல்லையோடு நிற்பதில்லை. ஆரக்கிளுக்கென்று சிறிய, தனி கிளஸ்டர், தனி விசென்டர், தனி ஸ்டோரேஜ் ஒதுக்குங்கள். வன்பொருள் செலவு கூடும்; லைசென்ஸ் செலவோடு ஒப்பிட்டால் அது பொருட்டே இல்லை.

நிபந்தனையோடு ஏற்பவர் ஐபிஎம். மெய்நிகர் சர்வருக்குக் கொடுத்த அளவுக்கு மட்டும் கணக்கிடலாம். ஆனால் அதற்கென்ற ஐஎல்எம்டி என்ற அளவீட்டுக் கருவியை முதல் நிறுவலிலிருந்து 90 நாட்களுக்குள் வைத்து, குறைந்தது காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கை எடுத்து, இரண்டு ஆண்டுகளுக்குப் பாதுகாக்க வேண்டும். கருவி இல்லையென்றால் முழு ஹோஸ்ட்டுக்கும் கட்ட வேண்டும். கருவியை நிறுவிவிட்டு, சர்வர்களில் அளவெடுக்கும் அதன் ஏஜென்ட் செயலிழந்து பல மாதங்களாகியும் யாரும் பார்க்காத இடங்கள் நிறைய. ஆடிட்டர் முதலில் திறப்பது அந்தத் தேதிகளைத்தான்.

மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வரில் மெய்நிகர் கோர்களை எண்ணலாம். ஆனால் இரண்டு கோர் கொடுத்தாலும் நான்குக்கு வாங்க வேண்டும். 2022 பதிப்பு முதல் இப்படி மெய்நிகர் சர்வர் வாரியாக எண்ணவே சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸோ சந்தாவோ தேவை. சின்னச் சின்னதாக இருபது எஸ்க்யூஎல் சர்வர்களைச் சிதறவிடுபவர்கள் இந்த அடிமட்டத்தைக் கவனியுங்கள்.

தேவைக்கு மேல் வாங்கி ஏமாறுபவர்களும் உண்டு. டாஸ்க் மேனேஜரில் 64 லாஜிக்கல் புராசசர் என்று தெரிந்ததும் 64 கோருக்கு வாங்கிவிடுவார்கள். அது, ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்-திரெடிங் தரும் எண். இயற்பியல் கோர்களை எண்ணும் லைசென்ஸில் அதற்கு மதிப்பில்லை. ஆனால் மேகக் கணினியில், அமேசானிலும் அஷ்யூரிலும், ஆரக்கிள் இரண்டு மெய்நிகர் கோர்களை ஒரு புராசசராக எண்ணுகிறது, 0.5 காரணி அங்கே கிடையாது. சொந்த அறையில் போட்ட கணக்கை அப்படியே மேகத்துக்குக் கொண்டுபோனால் இரட்டிப்பாகும்.

ஸ்டோரேஜ் பக்கம் குழப்பம் வேறு விதம். "எத்தனை டெராபைட்?" என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு எண்ணைச் சொல்வார்கள், எல்லாமே உண்மையாகவும் இருக்கும். நான்கு ஹோஸ்ட்கள், ஒவ்வொன்றிலும் 3.84 டெராபைட் வட்டு ஆறு. மொத்தம் 92.16 டெராபைட். வட்டு தயாரிப்பவர் ஆயிரங்களில் எண்ணுகிறார். ஹோஸ்ட்களின் வட்டுகளை ஒரே ஸ்டோரேஜாக இணைக்கும் விஎம்வேர் மென்பொருளான விசானின் லைசென்ஸ் 1024-களில், டெபிபைட்டில் எண்ணுகிறது. மாற்றினால் ஏறத்தாழ 84. தரவின் இரண்டு பிரதிகளை வைக்கும் அமைப்பில் கையில் கிடைப்பது அதில் பாதி. நிரம்பியிருப்பது அதிலும் பாதி என்று கொள்ளுங்கள். நிர்வாகி 21 என்பார். லைசென்ஸ் கேட்பது 84, ஏனென்றால் விசான் எண்ணுவது கிளஸ்டரில் சேர்த்த வட்டுகளின் கச்சாக் கொள்ளளவை. காலி இடத்துக்கும் பிரதிக்கும் சேர்த்துத்தான்.

2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கிய பிறகு விற்பனை முழுக்க கோர் அடிப்படையிலான சந்தா ஆகிவிட்டது. புராசசருக்குக் குறைந்தது 16 கோர். எட்டு கோர் புராசசர் வைத்திருப்பவரும் பதினாறுக்குக் கட்டுகிறார். 2024 இறுதி நிலவரப்படி விஸ்பியர் ஃபவுண்டேஷன் சந்தாவில் கோருக்குக் கால் டெபிபைட் விசான் அடக்கம். விஎம்வேர் கிளவுட் ஃபவுண்டேஷனில் கோருக்கு ஒன்று. நம் 128 கோரில் முதலாவது 32 தரும், 52 துண்டுவிழும். இரண்டாவது 128 தரும், மிச்சமே இருக்கும். வட்டு வாங்குபவரும் லைசென்ஸ் வாங்குபவரும் பேசிக்கொள்ளாத இடத்தில் இது கடைசி நாளில்தான் தெரியவரும்.

பேக்கப் மென்பொருளில் நேர் எதிர். முன்முனைக் கொள்ளளவு என்ற அடிப்படையில் விற்பவை எண்ணுவது பாதுகாக்கப்படும் மூலத் தரவை. நகல் நீக்கிச் சுருக்கிய பிறகு பேக்கப் வட்டில் எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. பேக்கப் வட்டைப் பார்த்து லைசென்ஸ் வாங்கியவர்கள் பற்றாக்குறையில்தான் இருக்கிறார்கள். சோதனைக்காக எடுத்த டேட்டாபேஸ் நகல்களையும் பேக்கப் வரிசையில் விட்டிருந்தால் அவையும் மூலத் தரவே.

அணைத்து வைத்த மெய்நிகர் சர்வர் விண்டோஸ் சர்வரின் கணக்கில் வராது; அது ஓடுபவற்றைத்தான் எண்ணும். அணைத்தே வைத்திருந்தாலும், ஆரக்கிள் நிறுவியிருந்தால் அது கேள்விக்குள்ளாகும். பழைய டெம்ப்ளேட்டுகளையும் குளோன்களையும் இன்றே தேடி எடுங்கள். பேரிடர் மையத்தில் சும்மா இருக்கும் பிரதிதானே என்று விட்டுவிடாதீர்கள். லைசென்ஸ் இல்லாத மாற்று சர்வரில் ஆண்டுக்குப் பத்து நாள் வரை ஓட்டவிடும் ஆரக்கிளின் சலுகை, ஒரே ஸ்டோரேஜைப் பகிரும் கிளஸ்டரின் மாற்று சர்வருக்கு மட்டும். ஆரக்கிளின் டேட்டா கார்ட் (Data Guard) தொடர்ந்து ஒத்திசைத்து வைக்கும் ஸ்டாண்ட்பை பிரதி போன்றவற்றுக்கு முழு லைசென்ஸ் வேண்டும்.

கிளஸ்டரில் புது ஹோஸ்ட் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் லைசென்ஸ் கணக்கு மாறுகிறது. அந்த மாற்ற விண்ணப்பத்தில் லைசென்ஸ் பொறுப்பாளரின் ஒப்புதல் இல்லாமல் ஹோஸ்ட்டை இணைக்காதீர்கள். சர்வரை எந்த ஹோஸ்ட்டில் ஓட்டலாம் என்ற விதிகளைத் தேதியோடு ஆவணப்படுத்துங்கள், நகர்த்தல் பதிவுகளை அழியவிடாதீர்கள். தணிக்கைக் கடிதம் வந்தால், விற்பனையாளர் அனுப்பும் ஸ்கிரிப்டை அன்றே ஓட்டி முடிவை அனுப்பிவிடும் அவசரம் வேண்டாம். ஒப்பந்தம் எவ்வளவு தகவல் தரச் சொல்கிறது என்று முதலில் படியுங்கள், சட்டப் பிரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் போட யாரை அழைத்தாலும், மெய்நிகர் சர்வர்களின் பட்டியலை மட்டும் கொடுக்காதீர்கள். ஹோஸ்ட் வாரியாகப் புராசசர், கோர் எண்ணிக்கை; எது எங்கே நகரலாம் என்ற விவரம்; ஒரு ஹோஸ்ட் நின்றால் உச்ச நெரிசல் எவ்வளவு; வட்டுகளின் கச்சாக் கொள்ளளவு, டெராபைட்டா டெபிபைட்டா என்ற குறிப்போடு; பிறகு நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம், அந்த ஆண்டின் பதிப்பு. இணையத்தில் இன்று கிடைக்கும் பதிப்பு வேண்டாம். இவை கைக்கு வந்தால் கணக்கை விரைவில் முடித்துவிடலாம், அதுவும் வாங்குவதற்கு முன்.