துறைமுக டெர்மினல்: பாதிப்பு எங்கே தொடங்குகிறது?

துறைமுக விரிவாக்கம் என்றாலே முதலில் வருவது மரக்கன்று நடும் போட்டோதான். சுற்றுச்சூழல் ஆய்வறிக்கை எழுதுவது என் தொழில். நவி மும்பையில் இருந்துகொண்டு இந்தப் போட்டோக்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. நடட்டும், நல்லதுதான். ஆனால் டெர்மினலின் பாதிப்பு பெரும்பாலும் கடலடியைத் தோண்டும் இடத்திலும், கேட்டுக்கு வெளியே லாரி நிற்கும் இடத்திலும்தான் இருக்கிறது.

பெரிய கப்பல் வர ஆழம் வேண்டும், அதற்குக் கடலடியைத் தோண்டும் டிரெட்ஜிங். அதில் கலங்கும் சேறு ஏற்ற இறக்க ஓட்டத்தோடு போய்க்கொண்டே இருக்கும். இந்தப் பக்கத்துக் கோலி மீனவர்களின் டோல் வலை, ஓட்டத்துக்கு எதிரே வாயைத் திறந்து நிற்கும் பை வலை. ஓட்டம் திசை மாறினாலோ, சேறு வலைக்கண்ணை அடைத்தாலோ அன்றைய பொம்பில் மீன் பாடு போச்சு. அறிக்கைகளில் இதற்கெல்லாம் ஒரே மருந்து, சேறு பரவாமல் தடுக்கத் தண்ணீரில் தொங்கவிடும் துணித்திரையான 'சில்ட் கர்ட்டன்'. மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அந்த இழுப்பில் இந்தத் திரை எங்கே நிற்கும்?

வலை கட்டும் இடத்திலேயே கலங்கலை அளந்து, அளவு மீறினால் டிரெட்ஜரை நிறுத்துவதுதான் உண்மையில் பலன் தரும். டிரெட்ஜர் தொட்டியிலிருந்து சேற்றுநீர் வழிவதையும் குறைக்க வேண்டும். மீன் பெருக வேண்டும் என்று ஜூன், ஜூலையில் விசைப்படகுகளைக் கரையில் கட்டச் சொல்கிறது அரசு. அதே மாதங்களில் டிரெட்ஜருக்கு மட்டும் ஏன் விலக்கு? வலை எங்கே, எந்த மாதம், எந்த ஓட்டத்தில் என்பதைக் கோலி மீனவர் குடியிருப்பான கோலிவாடாவில் கேட்டு வரைபடத்தில் குறித்தாலே பாதி வேலை முடிந்தது. அந்த வரைபடம் இல்லாத அறிக்கையை நான் முழுமையானதாக எண்ணுவதில்லை.

வேலை தொடங்கும் முன்பே எடுக்கும் முன்நிலை அளவீடும் முக்கியம். பெரும்பாலும் மழையில்லாத ஒரு பருவத்தில் மூன்று மாதம் அளந்துவிட்டு முடித்துவிடுகிறார்கள். அப்புறம் மழைக்காலத்தில் புகார் வந்தால், 'கடல் எப்போதும் கலங்கல்தானே' என்று பதில் வரும். வேலை நடக்காத பக்கத்திலும் ஒரு அளவீட்டு நிலையம் இருந்தால் அந்தச் சாக்கு செல்லாது.

நவி மும்பையை ஒட்டிய நவா சேவாவில் ஜவஹர்லால் நேரு துறைமுகம் 1989-ல் திறந்தது. துறைமுக விரிவாக்கம் தொடர்பான வழக்கில், உரண் பகுதியின் 1,630 மீனவக் குடும்பங்களுக்கு 95.19 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது 2015-ல். தொடக்கத்திலேயே பேசி முடித்திருக்க வேண்டிய கணக்கு இது.

கேட்டுக்கு வெளியே நம் ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். டிஎன் 28 நம்பர் போட்ட நாமக்கல் டிரெய்லர்கள் வரிசையில் நிற்கும். டீசல் புகை ஒரு பக்கம், கழிப்பறை இல்லாமல் சாலையோரம் ஒதுங்க வேண்டிய நிலை இன்னொரு பக்கம். அந்தத் தூசி காயப்போட்ட கருவாட்டின் மேலும் படியும். முன்பதிவு நேரத்தில் வண்டியை உள்ளே விடுவது, தண்ணீரும் கழிப்பறையும் உள்ள பார்க்கிங், மின்சார யார்டு கிரேன், கப்பலுக்குக் கரையிலிருந்தே மின்சாரம் என்று தீர்வுகள் எல்லாம் தெரிந்தவைதான். இவை பட்ஜெட்டில் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

இப்போது பால்கர் மாவட்டத்தில் வாத்வன் துறைமுகத்துக்கு வேலை. 2024 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டினார்கள். மும்பைத் தமிழர்கள் 'நமக்கென்ன' என்று இருக்க வேண்டாம். பொதுவாக இத்தகைய திட்டங்களின் மக்கள் கருத்துக்கேட்புக்குக் குறைந்தது 30 நாள் முன் அறிவிப்பு வர வேண்டும்; அறிக்கைச் சுருக்கம் மராத்தியிலும் கிடைக்க வேண்டும். எழுத்திலும் கருத்துக் கொடுக்கலாம். அனுமதி பெற்ற பிறகு, நிபந்தனைகளைக் கடைப்பிடித்த விவரத்தை ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிறுவனம் தாக்கல் செய்ய வேண்டும். அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கி, கலங்கல் அளவுப் பட்டியலை முதலில் புரட்டுங்கள். மரக்கன்றுப் பக்கம் அப்புறம்.