நம் சர்க்கரையைப் போர்த்திக்கொண்டு வரும் கிருமி

கர்ப்பம் 36ஆம் வாரத்தைத் தொடும்போது சிங்கப்பூரில் பல மருத்துவர்கள் ஒரு பஞ்சுக்குச்சிப் பரிசோதனைக்குச் சொல்வார்கள். முதலில் பிறப்புறுப்பின் வாய்ப்பகுதி, பிறகு ஆசனவாய். இந்த வரிசை மாறக்கூடாது. தேடுவது பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா. பிரசவ அறையில் ஜிபிஎஸ் என்றால்தான் புரியும்.

பத்துப் பெண்களில் ஒருவர் முதல் மூவர் வரை இதைச் சுமக்கிறார்கள், எந்தத் தொந்தரவும் இல்லாமல். குடல்தான் அதன் சொந்த ஊர். பக்கத்திலிருக்கும் பிறப்புறுப்புக்கு அவ்வப்போது வந்து தங்கும். இது பாலியல் நோயும் அல்ல, சுத்தக்குறைவும் அல்ல. மாமியார் கண்ணில் படாமல் ரிப்போர்ட்டை ஒளித்து வைக்கத் தேவையே இல்லை.

சிக்கல், அது கருப்பைவாய் தாண்டி பனிக்குடத்துக்கு ஏறும்போதோ, பிறக்கும் குழந்தை அதை விழுங்கும்போதோ, மூச்சில் இழுக்கும்போதோ தொடங்குகிறது. வழியெல்லாம் வெள்ளை அணுக்கள் காவலுக்கு இருந்தும் கிருமி எப்படித் தப்புகிறது?

நம் செல்களின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும். பலவற்றின் நுனியில் சியாலிக் அமிலம் இருக்கும். வெள்ளை அணுவின் மேலுள்ள சிக்லெக் என்ற புரதங்கள் அதைத் தொட்டுப் பார்த்து, 'இது நம்ம வீட்டு ஆள்' என்று தாக்குதலை அடக்கிக்கொள்ளும். ஜிபிஎஸ் தன் மேலுறையின் நுனியில் அதே சியாலிக் அமிலத்தைத் தானே தயாரித்து மாட்டிக்கொள்கிறது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை மடக்கிக்கொள்கிறது. இரத்தத்தில் கிருமிகளின் மேல் ஒட்டி 'இதைத் தின்னு' என்று அடையாளம் வைக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்களும் இந்த உறைமேல் சரியாகப் படிவதில்லை. போதாக்குறைக்கு, வெள்ளை அணுக்களைக் கூவி அழைக்கும் சி5ஏ என்ற மூலக்கூறை வெட்டிப்போட ஒரு நொதியும் வைத்திருக்கிறது.

கர்ப்பத்தில் எதிர்ப்பாற்றல் குறைந்துவிடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது சரியல்ல. கருவில் பாதி அப்பாவின் பங்கு என்பதால், கருப்பைக்குள் இருக்கும் காவல் செல்கள் நிதானமாக நடக்கப் பழகியிருக்கின்றன. 'நான் உங்கள் ஆள்' என்று வேடம் போடுபவனுக்கு இதைவிட வசதியான இடம் எது?

வேடம் கலைந்து, மேக்ரோஃபேஜ் என்ற கிருமி விழுங்கும் காவல் செல் விழுங்கிவிட்டாலும் கதை முடிவதில்லை. விழுங்கிய பைக்குள் ஆக்சிஜன் நச்சுகளும் அளவு மீறிய செம்பும் துத்தநாகமும் கொட்டும். ஜிபிஎஸ்ஸிடம் கேட்டலேஸ் நொதி கிடையாது. ஆய்வகத்தில் அதன்மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விட்டால், ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற வேறொரு பாக்டீரியா போல நுரைக்காமல் சும்மா கிடப்பது அதனால்தான். ஆனாலும் பெராக்சைடைச் சிதைக்க வேறு நொதிகள், உலோகங்களை வெளியே தள்ளப் பம்புகள் என்று மாற்று ஏற்பாடு உண்டு.

மறைவது மட்டுமல்ல, அடிக்கவும் தெரியும். சில வளர்ப்புத் தட்டுகளில் ஜிபிஎஸ் ஆரஞ்சு நிறமாகத் தெரியும். அந்த நிறமிதான் செல் சவ்வில் ஓட்டை போடும் நஞ்சும், நியூட்ரோஃபில்களையே கொல்லும். ஆனால் அதை அதிகம் சுரந்தால் வீக்கம் கிளம்பி இருப்பிடம் காட்டிக்கொடுக்கும். எனவே எப்போது சுரப்பது, எப்போது அடக்குவது என்று பார்க்க கோவ்ஆர் என்ற கட்டுப்பாட்டுப் புரதம் இருக்கிறது. அது பழுதான வகைகள் நஞ்சைக் கண்டபடி கொட்டும்.

பரிசோதனையில் 'பாசிட்டிவ்' வந்தவுடன் மாத்திரை கொடுத்துத் தீர்த்துவிடலாமே என்று பலர் கேட்பார்கள். பிறப்புறுப்பில் போனாலும் குடலில் இருப்பு மிஞ்சும். சில வாரத்தில் திரும்பி வந்துவிடும். அதனால்தான் வலி தொடங்கியதும் அல்லது பனிக்குடம் உடைந்ததும் நரம்பு வழியாக பெனிசிலின்: முதலில் 50 லட்சம் யூனிட், பிறகு பிரசவம் வரை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 25 முதல் 30 லட்சம். குழந்தை பிறப்பதற்குக் குறைந்தது 4 மணி நேரம் முன்பே முதல் ஊசி ஏறியிருப்பது நல்லது. சரசரவென்று பிரசவமாகும் இரண்டாவது, மூன்றாவது பிள்ளைக்குத்தான் இந்தக் கணக்கு அடிக்கடி தவறும். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் குச்சி எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். மாற்று மருந்தான கிளின்டமைசின் வேலை செய்யுமா என்று ஆய்வகம் சேர்த்துப் பார்க்கும். வலி வராமல், பனிக்குடம் உடையாமல் நடக்கும் திட்டமிட்ட சிசேரியனுக்கு இந்த ஊசி வேண்டாம்.

சிங்கப்பூரர்களுக்கு இந்தக் கிருமியின் பெயர் பழகியது 2015இல், உணவங்காடிகளில் கஞ்சியோடு விற்ற பச்சை மீன் வழியாக. அது எஸ்டி283 என்ற வகை. கர்ப்பமில்லாத, ஆரோக்கியமான பெரியவர்களையும் படுக்க வைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாறத் தடை வந்தது. பஞ்சுக்குச்சியில் தேடும் கிருமியும் அதுவும் ஒரே இனம்.

பிரசவத்தின்போது கொடுக்கும் பெனிசிலின் தடுப்பது குழந்தைக்கு முதல் வாரத்தில் வரும் நோயைத்தான். 7ஆம் நாளிலிருந்து சுமார் 3 மாதம் வரை வரும் தொற்றை அது தடுப்பதில்லை. பால் குடிக்க மறுத்து, துவண்டு கிடந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினால், அல்லது உடல் 38 பாகை சூடானால், விடியட்டும் என்று காத்திராமல் அவசரப் பிரிவுக்குத் தூக்கிப் போக வேண்டிய குழந்தை அது.