பக்கவாதப் பயிற்சியில் வீட்டார் பேசும் பேச்சு

"அப்பா, காலைப் பின்னால இழுப்பா. முன்னால குனிப்பா. முட்டிய நீட்டுப்பா, நீட்டுப்பா!" கடலூரில் மஞ்சக்குப்பம் முதல் தேவனாம்பட்டினம் வரை, பக்கவாதம் வந்தவர்களுக்கு நான் பிசியோதெரபி கொடுக்கப் போகும் பல வீடுகளில், அவர்களை நாற்காலியிலிருந்து எழவைக்கும்போது கேட்கும் குரல் இது. பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்டுக்கொள்வேன்.

நாற்காலியிலிருந்து எழுவது பல அசைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் வரிசை. அதை நம்மில் யாரும் வார்த்தையாகக் கற்கவில்லை. வலை பின்னுகிற மீனவரிடம் முடிச்சைப் பற்றிக் கேட்டால், ஊசியை எடுத்துப் போட்டுக் காட்டுவார். வாயால் விளக்கச் சொன்னால் திணறுவார்.

1987-ல் நிசன், புல்லமர் என்ற ஆய்வாளர்கள் இப்படி வார்த்தையில்லாமல் கற்பதைச் சோதித்தார்கள். நான்கு இடங்களில் ஏதாவது ஒன்றில் விளக்கு எரியும்; அதற்குரிய பொத்தானை அழுத்த வேண்டும். பத்து இடங்கள் கொண்ட ஒரே வரிசை திரும்பத் திரும்ப வந்தது. அதை யாருக்கும் சொல்லவில்லை. போகப்போக விரல்கள் வேகமெடுத்தன. கோர்சகாஃப் நோயால் நினைவாற்றல் கெட்டவர்களுக்கும் வேகம் கூடியது. அப்படி ஒரு வரிசை இருந்ததே அவர்களுக்குத் தெரியாது.

வீட்டார் அறிய வேண்டியது 2004-ல் பாய்ட், வின்ஸ்டீன் வெளியிட்ட ஆய்வு. மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்லியா பகுதி பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டவர்களும், ஒப்பிட்டுப் பார்க்க நலமாக இருந்தவர்களும் மூன்று நாள் ஓர் அசைவு வரிசையைப் பழகினார்கள். இரு குழுவிலும் பாதிப் பேருக்கு வரிசையை முன்கூட்டியே விளக்கினார்கள். நான்காம் நாள் பார்த்தால், அந்த விளக்கம் நலமாக இருந்தவர்களுக்கு உதவியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கோ கற்றலைக் கெடுத்திருந்தது.

எல்லாப் பக்கவாதத்துக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பயிற்சியின்போது நான் இப்படித்தான் செய்யச் சொல்கிறேன்: அதே நாற்காலி, அதே உயரம், தினமும் அதே வரிசை. "ஜன்னல்கிட்ட போலாம்பா" என்று போக வேண்டிய இடத்தை மட்டும் சொல்லுங்கள். தடுமாறினால் உடனே திருத்தாமல், பலவீனமான பக்கம் நின்றுகொண்டு மறுபடி செய்ய விடுங்கள். "நேத்து என்ன சொல்லிக்கொடுத்தேன், சொல்லுங்க" என்று பரீட்சை வைக்காதீர்கள். பதில் வராது, "இவருக்கு எதுவும் ஏறலை" என்று நீங்கள் மனம் தளர்ந்துவிடுவீர்கள், அவரும் தளர்ந்துவிடுவார். ஏறியிருக்கிறதா என்பதை அவர் எழும் விதத்தில் பாருங்கள்.

ஈரத் தரை, வீல்சேர் பிரேக் போன்ற ஆபத்தான விஷயங்களைக் கட்டாயம் சொல்லத்தான் வேண்டும். முதல் நாளே ஸ்கேன் ரிப்போர்ட்டை உங்கள் தெரபிஸ்டிடம் காட்டி, இவருக்கு எவ்வளவு விளக்கம் தேவை என்று கேளுங்கள்.