நடவடிக்கை அன்று, முன்மொழிவு

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) விற்பனை வரி வாக்கெடுப்பைப் பற்றிய தமிழ்க் குறிப்பு ஒன்றில், ‘நடவடிக்கை எம்-முக்கு மக்கள் ஆதரவு’ என்ற தொடரை மீண்டும் படிக்க நேர்ந்தது. எம் என்பவர் யார், அவர் மீது என்ன நடவடிக்கை என்றுதான் தமிழ் வாசகர் கேட்பார்.

மூலச்சொல் ‘மெஷர்’; அங்கே தேர்தல் வாக்குச்சீட்டில் மக்களே ஏற்கவோ மறுக்கவோ வைக்கப்படும் திட்டத்துக்குப் பெயர், எம் என்பது அதற்கு இட்ட அடையாள எழுத்து. ‘அளவு’ எனப் பொருள்படும் லத்தீன் ‘மென்சூரா’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, அளந்து செய்யும் செயல், பிறகு சட்ட வரைவு எனப் பொருள் விரிந்தது. வாக்குச்சீட்டுக்கு உரியது இறுதிப் பொருளே.

நடவடிக்கை என்பது அதிகாரத்தில் இருப்பவர் எடுப்பது. ‘உரிய நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று மனுவுக்குப் பதில் எழுதிப் பழகிய சொல் அது. வாக்குச்சீட்டில் இருப்பதோ இன்னும் நடவாதது, மக்கள் மறுத்தால் நடக்கவே போகாதது. 2012-இல் ‘மெஷர் ஜே’ இதைத்தான் காட்டியது: 2008-இல் மக்கள் ஏற்ற அரை விழுக்காட்டுப் போக்குவரத்து வரியை 2039-க்குப் பிறகும் 30 ஆண்டுகள் நீட்டிக்கக் கேட்ட அது, 66 விழுக்காட்டுக்குச் சற்று மேல் ஆதரவு பெற்றும், குறிப்பிட்ட பணிக்கென விதிக்கும் தனிநோக்க வரிக்கு அப்போது கலிபோர்னியா மாநிலம் கேட்ட மூன்றில் இரண்டு பங்கை எட்டாமல் வீழ்ந்தது. எடுக்கப்படாத ஒன்றை நடவடிக்கை என்பது எப்படிப் பொருந்தும்?

‘தீர்மானம்’ என்போரும் உண்டு. நம்பிக்கையில்லாத் தீர்மானம் தோற்பதைக் கேட்டிருக்கிறோம் என்பதால் அது முற்றிலும் தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் அது அவை உறுப்பினர்கள் தமக்குள் கொண்டுவந்து தாமே முடிவு செய்வது. மக்கள்முன் வைத்து இசைவு கேட்பதற்கு ‘முன்மொழிவு’ என்ற பழகிய சொல் இருக்கிறது. அந்த ஊரிலேயே 1980, 1990 ஆண்டுகளின் போக்குவரத்து வரிகள் ‘புரொபொசிஷன்’ என்ற பெயரில் வந்தவை. அதற்கும் இச்சொல்லே போதும்.

அதே குறிப்பில் ‘அரை சென்ட் வரி’ என்றும் இருந்தது. மனை வாங்கியவருக்குச் சென்ட் என்றால் 435.6 சதுர அடி நிலம். ஏதோ நிலவரி என்றே அவர் எண்ணுவார். நூறு டாலர் பொருளுக்கு 50 சென்ட் கூடுதல் என்பதே செய்தியாதலால், அரை விழுக்காடு என்று எழுதினால் குழப்பம் இல்லை. அகராதியில் முதலில் அகப்பட்டதை ஒட்டிவிட்டு நகரும் மொழிபெயர்ப்பாளர்கள், எழுதியதை ஒருமுறை உரக்கப் படித்திருந்தாலே இது பட்டிருக்கும்.

‘2016 நவம்பரில், ரயில், பேருந்து, சாலைப் பணிகளுக்காக அரை விழுக்காட்டுக் கூடுதல் விற்பனை வரி கோரிய முன்மொழிவு எம், 71 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு பெற்று நிறைவேறியது’ என்று அத்தொடரைத் திருத்தி எழுதலாம்.