டி செல்: பெயர் வந்த வழியும் தமிழ்ப் பெயரும்

நெல்லைச் சீமையில் மூக்கு ஒழுகினால் அது தடுமம். ஈழத்தில் தடிமன் என்பார்கள். நாலு தும்மலோடு போகிற தடுமம் வேறு. காய்ச்சல் கொதித்து, கைகால் எல்லாம் உளைந்து, ஒரு வாரம் பாயில் போடுகிற ஃப்ளூ வேறு. ஃப்ளூ வைரஸ் புகுந்த செல்களை ஒழித்துக்கட்டுவதில் பெரும்பங்கு டி செல் என்ற ஒருவகை வெள்ளணுவுக்கு உண்டு. கொரோனாவுக்கு அப்புறம் பலர் வாயிலும் புழங்குகிற சொல் இது.

‘டி’ என்பது தைமஸ் என்பதன் ஆங்கில முதலெழுத்து. தைமஸ், மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே உள்ள உறுப்பு. பெயர் கிரேக்கம்; தைம் என்ற மணச்செடியின் பூங்கொத்தைப் போல இருப்பதால் வந்தது என்பது பரவலான விளக்கம். குழந்தைகளுக்கு இது பெரிதாக இருக்கும், வளர வளரச் சுருங்கி கொழுப்பாகிவிடும். பாளையங்கோட்டையில் கைக்குழந்தையின் நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்து, “இதயத்துக்குப் பக்கத்துல என்ன சார் நிழலு, கட்டியா?” என்று ஓர் ஆச்சி பதறினால், பெரும்பாலும் அது தைமஸாகத்தான் இருக்கும். சில குழந்தைகளுக்குப் பாய்மரத்தின் பாய் விரித்ததுபோல் தெளிவாகவே தெரியும். பயப்பட ஒன்றுமில்லை.

இதை ஒரு வேலையும் இல்லாத உறுப்பு என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1961-இல் லண்டனில் ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர், பிறந்த எலிக்குஞ்சுகளின் தைமஸை எடுத்துவிட்டுப் பார்த்தார். அவற்றுக்கு நிணச்செல்கள், அதாவது லிம்போசைட் என்ற வெள்ளணுக்கள், குறைந்தன, தொற்று வந்து நலிந்தன. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் செல்கள் தைமஸுக்கு வந்துதான் டி செல்களாகத் தேறுகின்றன. தேர்வும் கடுமை: நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அங்கேயே மடிந்துபோகும். கூடப் பிறந்த இன்னொரு நிணச்செல்லான ‘பி’ செல்லின் எழுத்து கோழியிலிருந்து வந்தது. பறவைகளுக்கு உள்ள பர்சா என்ற உறுப்பின் முதலெழுத்து அது.

சரி, தமிழில் என்ன சொல்வது? தமிழ்நாட்டுப் பாடநூல்களில் டி லிம்போசைட். இலங்கை வழக்கில் லிம்போசைட் என்பது நிணநீர்க்குழியம். இணையத்தில் டி உயிரணு. எல்லாவற்றிலும் அந்த ஒற்றை எழுத்துதான் இடறுகிறது. வைட்டமின் டி-யையும் இதே ‘டி’-யால்தான் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் வெவ்வேறான இரண்டு எழுத்துகள் தமிழில் ஒன்றாகிவிடுகின்றன. அதனால் எழுத்தில் ‘தைமஸ் நிணச்செல்’ என்பதையே நான் பரிந்துரைப்பேன். எங்கே தேறி வந்தது என்பது பெயரிலேயே தெரிகிறது. பேச்சில் டி செல் இருக்கட்டும். ஊன்றிவிட்ட சொல்லைப் பிடுங்க வேண்டியதில்லை.

இதன் வேலையைச் சொல்லும்போது ‘டி செல் வைரஸைக் கண்டுபிடிக்கிறது’ என்று எழுதுவது மட்டும் சரியில்லை. டி செல் முழு வைரஸைப் பார்ப்பதே இல்லை. வைரஸ் புகுந்த நம் செல், உள்ளே உருவாகும் புரதங்களை நறுக்கி, ஒரு துணுக்கை எம்ஹெச்சி என்ற மூலக்கூறில் ஏந்தி வெளியே காட்டுகிறது. அம்பாசமுத்திரத்து நெல் வியாபாரி மூடையைப் பிரிக்காமல் கூர்க்குழாயைக் குத்தி, ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில் விட்டுப் பார்ப்பதைப் போலத்தான். துணுக்கும் அதை ஏந்தும் நம் மூலக்கூறும் சேர்ந்து பொருந்தினால்தான் டி செல் அசையும். 1970-களில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இதைக் கண்டறிந்த பீட்டர் டொஹர்ட்டிக்கும் ரால்ஃப் ஸிங்கர்நாகலுக்கும் 1996-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஃப்ளூவில் நன்கு ஆராயப்பட்ட ஒரு துணுக்கு, வைரஸின் எம்1 புரதத்தில் 58 முதல் 66 வரையுள்ள ஒன்பது அமினோ அமிலங்கள்: கிளைசின், ஐசோலூசின், லூசின், கிளைசின், ஃபினைல்அலனின், வேலின், ஃபினைல்அலனின், திரியோனின், லூசின். மனிதரின் எம்ஹெச்சிக்கு எச்எல்ஏ என்று பெயர்; அதில் எச்எல்ஏ-ஏ2 என்ற வகை உள்ளவர்களின் செல்கள் இதைக் காட்டுகின்றன. வேறு வகை உள்ளவர்கள் வேறு துணுக்குகளைக் காட்டுவார்கள். பொருந்தியதும் கொல்லும் டி செல் பெர்ஃபோரின் என்ற புரதத்தால் அந்தச் செல்லின் சவ்வைத் துளைத்து, கிரான்சைம் என்ற நொதிகளை உள்ளே விட்டு அதைச் சாகடிக்கிறது. வைரஸ் பெருகும் பட்டறையே மூடப்படுகிறது.

இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. எதிர்ப்பொருள்கள், அதாவது வைரஸைப் பற்றிக்கொள்ள உடல் உண்டாக்கும் ஆன்டிபாடிகள், பெரும்பாலும் குறிவைப்பது வைரஸின் மேற்பரப்பில் உள்ள ஹீமக்ளூட்டினின் என்ற புரதத்தை. அது அடிக்கடி மாறும். தடுப்பூசியைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது அதனால்தான். எம்1, நியூக்ளியோபுரதம் போன்ற உள்புரதங்கள் அவ்வளவு மாறுவதில்லை. ஆகவே பழைய ஃப்ளூவில் பழகிய டி செல், புது வகையையும் ஓரளவு பிடித்துவிடும். 2009-இல் நாம் பன்றிக்காய்ச்சல் என்று பெயரிட்ட தொற்று பரவியபோது லண்டனில் சிலரைத் தொடர்ந்து கவனித்தார்கள். மாறாத பகுதிகளை அறிந்த டி செல்கள் முன்பே அதிகம் இருந்தவர்களுக்கு நோய் இலேசாக வந்துபோனது.

ஆனால் டி செல் தொற்றைத் தடுப்பதில்லை. தொற்று ஏற்பட்ட பிறகுதான் அதற்கு வேலை. வாசலிலேயே தடுப்பது எதிர்ப்பொருள். அதனால் ‘எனக்கு முன்னமே ஃப்ளூ வந்தாச்சு, ஊசி எதுக்கு?’ என்று வயதானவர்களும் கர்ப்பிணிகளும் சர்க்கரை நோயாளிகளும் இருந்துவிடக் கூடாது. ஐப்பசி மழை தொடங்கும் முன்னே மருத்துவரைக் கேட்டு அந்த ஆண்டுக்கான ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.